என் அக்கா யோசெப்பின் யப்பான்காரி ஆன கதை

என் அக்கா யோசெப்பினைப் பற்றிக் கொழும்புக் கொட்டாஞ்சேனையில் யாரைக் கேட்டாலும் முதலில் அவளுடைய வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். நியாயம்தான். பூசை நேரத்தில் பின்வரிசையில் யாராவது குசுகுசுத்தால், பங்குச் சுவாமி திரும்புவதற்கு முன் அக்கா திரும்பிப் பார்ப்பாள். பிறகு அந்த வரிசையில் இருமல்கூடக் கேட்காது. மீன்காரன் எங்கள் ஒழுங்கைக்குள் நுழையும்போதே நல்ல மீனை மேலே எடுத்து வைத்துக்கொண்டுதான் நுழைவான். நான் மாக்ரெட், அவளுக்கு நாலு வயது இளையவள். வீட்டுக்கு வந்த வாயையெல்லாம் மூத்தவள் எடுத்துக்கொண்டதால் இளையவளுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை என்று பப்பா சொல்வார். அவர் இப்போது உயிரோடிருந்து என் பேச்சைக் கேட்டால் அந்தச் சொல்லை வாபஸ் வாங்கியிருப்பார்.

பப்பாவின் பெயர் சவுந்தரநாயகம். துறைமுகத்தில் இறங்குகிற மூட்டைகளை எண்ணுகிற கிளாக்கர். முப்பது வருஷம் எண்ணியும் ஒரு மூட்டை பிழைத்ததில்லை. மாப்பிள்ளை பார்ப்பதில்தான் மனுசனுக்கு எல்லாமே பிழைத்தது. பெண் பார்க்க வந்த ஒருவர், "பாடத் தெரியுமா?" என்று கேட்டார். "உமக்கு ஆடத் தெரியுமா?" என்று அக்கா கேட்டாள். இன்னொருவர் நீர்கொழும்பிலிருந்து ஒரு மணித்தியாலம் பிந்தி வந்தார். கதவடியிலேயே நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனார். இருபத்தேழு வயதாகியும் இவள் வீட்டிலிருந்தால் கூரை பறந்துவிடும் என்று பப்பாவே அவளை வேலைக்கு அனுப்பினார்.

புறக்கோட்டை மெயின் வீதியில் ஒரு யப்பான் சாமான் கடையில் வேலை. பீங்கான் கோப்பைகள், கடதாசிக் குடைகள், சாவி கொடுத்தால் துள்ளுகிற தகரத் தவளைகள். கடை முதலாளி ஒக்காடா என்பவர். சின்ன உருவம், வெள்ளைக் கோட்டு, வாயிலிருந்து வார்த்தை வருவது மாசத்துக்கு ஒருதரம். விலை பேசி உயிரை வாங்குகிற சனத்தைச் சமாளிக்க அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. அக்கா போய் நின்ற முதல் நாளே விலை பேசுவது நின்றது. இரண்டாம் நாள் சனம் வருவதும் பாதியாகக் குறைந்தது. ஒக்காடா அதற்குக் கோபிக்கவே இல்லையாம். கல்லாப்பெட்டிக்குப் பின்னால் இருந்து இவளையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பக்கத்துக் கடை முஸ்லிம் நானா பிறகு எங்களுக்குச் சொன்னார்.

ஒரு வருஷம் கழித்து, 1937இல், ஒக்காடா இரண்டு கடதாசிக் குடைகளைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலில் நின்று பப்பாவுக்கு முன்னால் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. பாவம், எதையோ கீழே தவறவிட்டுவிட்டார் என்று நினைத்துப் பப்பாவும் குனிந்து தேடத் தொடங்கினார். குசினிக்குள்ளிருந்து அக்கா வந்தாள்.

"தேடாதேங்கோ பப்பா. என்னைத்தான் கேக்கிறார்."

எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. அதை இங்கே மறைத்து என்ன பயன்? அந்த மனுசனில் ஒரு குற்றமும் இல்லை. என் அக்காவைக் கொண்டுபோகிறார் என்ற எரிச்சல்தான். அத்தான் என்று கூப்பிடு என்றார்கள். நான் பிடிவாதமாக 'மிஸ்டர் ஒக்காடா' என்றே கூப்பிட்டேன்.

கலியாணத்துக்கு முன் ஞானஸ்நானம் பெறவேண்டும் என்றார் பங்குச் சுவாமி. பெற்றார். எங்கள் தெருவில் பேக்கரி வைத்திருந்த ஸ்ரனிஸ்லாஸ் மாமா ஞானத்தகப்பனாக நின்றார். ஹியூபேட் என்று பெயர் வைத்தார்கள். அதுவரை எல்லாம் ஒழுங்கு. அடுத்தது ஓலை. இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சுவாமி மூன்று ஞாயிற்றுக்கிழமை பூசையில் வாசிக்கவேண்டும். கோயில் நிறையச் சனம் இருக்க 'ஒக்காடா' என்று வாசித்தால், இத்தனை வருஷம் அக்காவிடம் வாங்கிக் கட்டிய பின்வரிசை சும்மா இருக்குமா? சிரித்தே கோயிலை இடித்துவிடும். பப்பாவுக்கு அந்தச் சிரிப்பை நினைத்து நித்திரை வரவில்லை.

மூளையைக் கசக்கி ஒரு வழி கண்டுபிடித்தார். ஞானஸ்நானத்தில் மனிதன் புதிதாகப் பிறக்கிறான் என்று சுவாமியே பிரசங்கம் வைத்திருக்கிறார். புதிதாகப் பிறந்தவனுக்குத் தகப்பன் யார்? ஞானத்தகப்பன். அப்படியென்றால் மாப்பிள்ளையின் முழுப்பெயர் ஹியூபேட் ஸ்ரனிஸ்லாஸ். தகப்பனின் இனம்தானே பிள்ளைக்கும்? அப்படியென்றால் இனம், இலங்கைத் தமிழர். சுவாமிக்கு வயது போய்க் காதும் மந்தம். பப்பா சொல்லச் சொல்ல எழுதினார். ஓலையும் அப்படியே வாசிக்கப்பட்டது, விவாகப் புத்தகத்திலும் அப்படியே ஏறியது. கீழே சாட்சிக் கையெழுத்து இரண்டு: ஸ்ரனிஸ்லாஸ் மாமாவினது ஒன்று, என்னுடையது ஒன்று. பின்வரிசையில் ஒரு பல்லுக்கூடத் தெரியவில்லை. அன்றைக்குப் பப்பா இருந்த பெருமையைப் பார்க்கவேண்டும்!

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வீடு தள்ளிக் குடியிருந்தார்கள். பிள்ளை குட்டி இல்லை. அக்கா ஏசுவாள், அவர் கேட்டுக்கொண்டிருப்பார். அவள் ஏசிக் களைத்ததும் அவர் எழும்பிப் போய் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வருவார். பெண்சாதிக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்த ஆம்பிளை அந்தக் காலத்துக் கொட்டாஞ்சேனையில் வேறு யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். நான் தோற்றேன் என்று ஒத்துக்கொள்கிறேன்.

1941 டிசெம்பரில் யப்பான் சண்டைக்குள் குதித்தது. மறுநாள் காலையே பொலிஸ் வந்து ஹியூபேட்டைக் கொண்டுபோனது. சாட்சிப் பொருளாகக் கடையிலிருந்த தகரத் தவளைகள் முழுவதையும் அள்ளிக்கொண்டு போனார்கள். கொட்டாஞ்சேனைக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்ததாம். தவளைக்குச் சாவி கொடுத்தால் துறைமுகப் பக்கம்தான் துள்ளுமாம். குடையில் வரைந்திருந்தது மலை இல்லையாம், மேப்பாம். கிறிஸ்மஸ் பாலன்குடிலுக்கு அவர் வெட்டிக் கொடுத்த கடதாசி நட்சத்திரத்தை வாங்கித் தொங்கவிட்டவர்களே இதையெல்லாம் சொன்னார்கள். அவரை முதலில் தியத்தலாவை முகாமில் வைத்திருந்து, பிறகு கப்பலேற்றி இந்தியாவில் ஏதோ மணல்காட்டு முகாமுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அக்காவை விட்டார்களா? யப்பான்காரன் பெண்சாதியும் யப்பான்காரி, அதுதான் சட்டம் என்றார் இன்ஸ்பெக்டர். திங்கட்கிழமை தோறும் பொலிசுக்குப் போய்க் கையெழுத்து வைக்கவேண்டும். அக்கா ஐந்தடி ஒன்பது அங்குலம், நல்ல கறுப்பு, கொண்டை போட்டால் இன்னும் மூன்று அங்குலம். முதல் திங்கள் நானும் கூடப் போனேன். "நோனா, மெத்தன அத்சன் கரன்ன" என்று கான்ஸ்டபிள் சிங்களத்தில் சொல்லி, புத்தகத்தில் கையெழுத்துப் போடும் இடத்தைக் காட்டினான். 'யப்பானியர், பெண்' என்று எழுதியிருந்த இடம் அது.

"என்னை வடிவாப் பாருங்கோ சேர்," என்றாள் அக்கா இன்ஸ்பெக்டரிடம். "நான் யப்பான்காரி மாதிரியா இருக்கிறன்?"

இன்ஸ்பெக்டர் மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தார். மாதிரி இல்லைத்தான், ஆனால் சட்டத்துக்குக் கண் இல்லை என்றார். நிற்கவைத்தே கையெழுத்து வாங்கினார்கள். மூன்றாவது கிழமை அக்கா வீட்டிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு போய், இன்ஸ்பெக்டரின் மேசைக்கு நேரே போட்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு திங்கட்கிழமைகளில் இன்ஸ்பெக்டருக்கு வெளியில் வேலை வரத் தொடங்கியது.

உயிர்த்த ஞாயிறன்று துறைமுகத்தில் யப்பான்காரன் குண்டு போட்டான். பப்பா அன்று வேலையில் இல்லை, கடவுள் புண்ணியம். அன்று பின்னேரமே அக்காவின் வீட்டுக்குக் கல் எறிந்தார்கள். அவள் வெளியே வந்து, விழுந்த கல்லையெல்லாம் பொறுக்கித் திருப்பி எறிந்தாள். எறிந்தவர்களில் குறி தப்பாதவள் அவள் ஒருத்திதான். இரண்டு பேருக்குத் தையல் போட்டது. அதற்குப் பிறகு நான்தான் போய் அவளை எங்கள் வீட்டுக்கு இழுத்து வந்தேன். அந்தக் கிழமை ஒருநாள் அவள் குசினியில் இரண்டு கோப்பையில் தேத்தண்ணி ஊற்றி வைத்துவிட்டு மற்றக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கண்டுவிட்டேன். "என்ன பாக்கிறாய்? மற்றது உனக்குத்தான்" என்று எரிந்து விழுந்தாள். நான் தேத்தண்ணி குடிப்பதில்லை என்று அவளுக்குத் தெரியும். அன்று குடித்தேன்.

ஆவணி மாதத்தில் ஒரு புதன்கிழமை கோட்டையிலிருந்த ஒரு அரசாங்கக் கந்தோரிலிருந்து கடிதம் வந்தது. இரண்டு பக்கமும் பிடித்து வைத்திருக்கிற ஆட்களை மாற்றிக்கொள்ள இந்தியாவிலிருந்து பரிமாற்றக் கப்பல் ஒன்று வருகிறது, கொழும்பில் தண்ணீர் எடுக்க நிற்கும். அதில் ஒக்காடா என்பவர் தன் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார். மனைவி கூடப் போக விரும்பினால் விவாகப் பத்திரத்துடன் உடனே வரவும். கப்பல் சனிக்கிழமை போய்விடும்.

"போகப்போறியா?" என்று கேட்டேன்.

"பின்ன என்ன, படம் பாக்கவா கூப்பிடுறாங்கள்?" என்றாள். அப்போதே பெட்டியை இறக்கிவிட்டாள்.

அடுத்த நாள் காலை கந்தோருக்குப் போனோம். மேசைக்குப் பின்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை. பக்கத்தில் நாகமுத்து என்றொரு கிளாக்கர், நெற்றி நிறையத் திருநீறு, வெள்ளவத்தையிலிருந்து ரயிலில் வந்து போகிறவர். துரை விவாகப் பத்திரத்தை வாசித்தார். திருப்பி வாசித்தார். கணவன் பெயர் ஹியூபேட் ஸ்ரனிஸ்லாஸ். இனம் இலங்கைத் தமிழர்.

துரையின் வழக்கு மிகச் சுருக்கம். இந்த அம்மா ஸ்ரனிஸ்லாஸ் என்ற தமிழரின் மனைவி. கப்பலில் இருப்பவர் ஒக்காடா என்ற யப்பானியர். மற்றொருவரின் மனைவியை ஒக்காடாவோடு அனுப்புவது முறையில்லை. உங்கள் கணவர் ஸ்ரனிஸ்லாசைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், பேசுவோம் என்றார்.

அக்கா மேசையில் அடித்த அடியில் மைக்கூடு துள்ளியது. எட்டு மாதமாகக் கொட்டாஞ்சேனைப் பொலிசில் யப்பான்காரி இல்லை, இல்லை என்று தொண்டை கிழியக் கத்தினவளை யப்பான்காரி என்று எழுதினார்கள். இன்றைக்கு யப்பான்காரிதான் என்று வந்து நிற்கிறேன், தமிழச்சி என்கிறீர்கள். உங்கள் அரசாங்கத்துக்கு எத்தனை தலை? இதை அவள் இங்கிலீசில் கொஞ்சம், தமிழில் மிச்சம் சொன்னாள். தமிழில் சொன்னதை நாகமுத்து மொழிபெயர்க்கவில்லை. நல்ல மனுசன். பொலிஸ் புத்தகம் விவாகத்துக்குச் சாட்சி ஆகாது என்று சொல்லித் துரை பத்திரத்தைத் திருப்பித் தந்துவிட்டார்.

படியில் இறங்கும்போது நாகமுத்து பின்னால் ஓடிவந்தார்.

"அக்கா, நில்லுங்கோ. கோயில் புத்தகத்திலை சாட்சிக் கையெழுத்துப் போட்ட ஆரும் ஒராள் வந்து, அந்த ஸ்ரனிஸ்லாசும் இந்த ஒக்காடாவும் ஒரே ஆள்தான் எண்டு சத்தியக் கடதாசி குடுத்தாக் காணும். நாளைக்கு நாலு மணிக்கு முதல்."

"உமக்கேன் இவ்வளவு அக்கறை?" என்றாள் அக்கா. நன்றி சொல்லும் விதம் அவளுக்கு அதுதான்.

"என்ர தம்பி மலாயாவிலை, ரெயில்வேயிலை. யப்பான்காரன் அங்கை பிடிச்சதிலை இருந்து சேதி இல்லை. ஆபிரிக்காவிலை போர்த்துக்கீசற்ற துறைமுகத்திலை எங்கட கப்பலும் யப்பான் கப்பலும் சந்திக்குமாம். எங்கட கப்பலிலை இருந்து ஒரு தலை இறங்கினா அவங்கட கப்பலிலை இருந்து ஒரு தலை இங்கை ஏறும். தலைக்குத் தலை. நீங்கள் ஒருத்தி கூடப் போனா, ஆர் கண்டது, அவன் வரலாம்."

நேரே ஸ்ரனிஸ்லாஸ் மாமாவின் பேக்கரிக்குப் போனோம். மாமாவுக்குச் சண்டை நன்றாகப் பிடித்திருந்தது. கடற்படைக்குப் பாண் கொடுக்கிற கொந்தராத்து அவருக்குத்தான். எங்களைக் கண்டதும் மாவு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா கதவைத் தட்டவில்லை, உதைத்தாள். தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக வெளியே வந்தார்.

"எனக்குப் பதினொரு ஞானப்பிள்ளையள், யோசெப்பின். எல்லாரையும் ஆருக்கு ஞாபகம்?"

"பதினொண்டில யப்பான்காரர் எத்தினை?"

"மெதுவாக் கதை பிள்ளை! கடற்படை ஆக்கள் உள்ளுக்க நிக்கிறாங்கள். யப்பான்காரனுக்கு ஞானத்தகப்பன் எண்டு தெரிஞ்சா என்ர பாணை ஆர் வாங்குவான்? எனக்கு ஒரு யப்பான்காரனையும் தெரியாது. சத்தியமாத் தெரியாது."

சொல்லிக்கொண்டே ஒரு இறாத்தல் பாணை எடுத்து அக்காவின் கையில் வைத்தார். அக்கா அந்தப் பாணால் அவர் முகத்தில் எறிவாள் என்று நான் ஒதுங்கி நின்றேன். அவள் பாணை மணந்து பார்த்து, "நேற்றையான் பாண்" என்று சொல்லிவிட்டுக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள். அரிசிக்கும் கூப்பன், மாவுக்கும் தட்டுப்பாடு. ரோசம் வேறு, பாண் வேறு.

மற்றச் சாட்சி யார்? நான்தான்.

வீட்டுக்கு வந்ததும் பப்பா முந்திக்கொண்டார். மாக்ரெட் ஒரு கடதாசியிலும் கையெழுத்துப் போடக்கூடாது என்றார். கடல் முழுக்கக் கண்ணிவெடி, யப்பானில் பனி கொட்டும், சோற்றுக்குக் குழம்பு இல்லாமல் பச்சை மீன் தின்பார்கள், இன்னும் என்னென்னவோ சொன்னார். அவருடைய சூழ்ச்சியால்தான் இந்தச் சிக்கல் என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. ஏனென்றால் அவர் சொன்னதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் அக்கா இங்கே இருப்பாள். ஏசுவாள், கல்லெறிவாள், என் தலைமயிரைப் பிடித்து இழுப்பாள், ஆனால் இருப்பாள். சண்டை முடிந்ததும் அந்த மனுசன் திரும்பி வரட்டுமே, யார் வேண்டாம் என்றது?

"நான் போடமாட்டன்" என்றேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தினால் எனக்கு லேசாக இருந்திருக்கும். பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் அந்தப் பாணை வெட்டி மூன்று தட்டில் வைத்தாள். சாப்பிட்டோம். வெள்ளிக்கிழமை காலையும் எழும்பிப் பெட்டியைத்தான் அடுக்கினாள். பதினொரு மணியளவில் நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருக்கும்போது வந்து பக்கத்தில் குந்தினாள்.

"மாக்ரெட், உன்னைக் கட்டாயப்படுத்தேல்ல. ஆனா ஒண்டு கேள். நாளைக்கு அந்த மனுசன் கப்பல்ல நிண்டு கரையைப் பாத்துக்கொண்டு நிப்பார். நான் வரேல்ல எண்டா என்ன நினைப்பார்? பத்திரம், சாட்சி, உந்தக் கோதாரி ஒண்டும் அவருக்குத் தெரியாது. யோசெப்பின் பயந்துபோனாள் எண்டு நினைப்பார். சாகும் வரைக்கும் அப்பிடித்தான் நினைப்பார். ஏசுகிற நேரம் என்ன வேணுமெண்டாலும் சொல்லியிருப்பன். அவரை விட்டுட்டுப் பயந்து நிண்டவள் எண்ட பேர் மட்டும் எனக்கு வேண்டாம்."

அவள் குரல் உயரவே இல்லை. என் வாழ்க்கையில் அவள் என்னிடம் ஒன்றைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். மற்றதெல்லாம் கட்டளை.

ஈர உடுப்பை அப்படியே போட்டுவிட்டு எழும்பினேன். எனக்கு அவள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. இவ்வளவு நாளும் ஏசி ஏசி வளர்த்துவிட்டு, போகிற நேரத்தில் இப்படி மெதுவாகக் கதைத்தால் மனுசி என்னதான் செய்வது?

மூன்று மணிக்குக் கந்தோரில் இருந்தேன். துரை ஒரு படத்தை என் முன்னால் வைத்தார். முகாமில் பிடித்த படம். கழுத்தில் நம்பர் எழுதிய பலகை, கன்னம் ஒட்டி, மயிரைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். பெற்ற தாயே இவரைத் தெரியாது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். இவரை எனக்குத் தெரியாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அக்கா எனக்குத்தான். நாகமுத்து பேனாவை மையில் தோய்த்துக்கொண்டு காத்திருந்தார். நான் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"உன் வாக்குமூலத்தால் உன் சகோதரி எதிரி நாட்டுப் பிரசை ஆகிறாள், தெரியுமா?" என்று துரை கேட்டதை நாகமுத்து தமிழில் சொன்னார்.

"ஓம், தெரியும்," என்றேன். "இது என்ர அத்தான்."

கையெழுத்தைப் போட்டுவிட்டு வெளியே வந்து வாசற்படியில் இருந்து அழுதேன். அக்கா வந்து, "எழும்பு, ரோட்டில மூக்குச் சீறாதே" என்றாள். பழையபடி ஆகிவிட்டாள்.

சனிக்கிழமை ஜெட்டியில் அவளுடைய பெட்டியைச் சோதித்தார்கள். ஒரு செபமாலை, நாலு சேலை, இடியப்ப உரல், ஒரு போத்தல் நல்லெண்ணெய், மாசிக் கருவாடு, மூன்று இறாத்தல் மிளகாய்த்தூள். தூள் டின்னை ஒரு வெள்ளைக்காரச் சிப்பாய் திறந்து முகர்ந்து பார்த்தான். பிறகு அவனை இரண்டு பேர் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார்கள். பயங்கர ஆயுதம் என்று எழுதித் தூளைப் பறிக்கப் பார்த்தார்கள். அக்கா விட்டால்தானே!

கப்பல் வெளியே நங்கூரம் போட்டு நின்றது. அதன் பக்கவாட்டில் பெரிய வெள்ளைச் சிலுவை வரைந்திருந்தது. எல்லா விளக்கும் போட்டுக்கொண்டுதான் ஓடுமாம், யாரும் சுடக்கூடாது என்பதற்காக. "நீங்கள் குண்டுக்குப் பயந்து கொழும்பு முழுக்க விளக்கை அணைச்சுப்போட்டு இருங்கோ. நான் கலியாண வீடு மாதிரிப் போறன்" என்றாள். வரமாட்டேன் என்று சத்தியம் பண்ணிய பப்பா ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். அக்கா போய் அவர் சட்டைக் கொலரைச் சரிப்படுத்திவிட்டு, "ஓலையை ஒழுங்கா வாசிக்க விட்டிருந்தா அவங்கள் ஒரு நாள் சிரிச்சிருப்பாங்கள், அவ்வளவுதான் பப்பா" என்றாள்.

வள்ளத்தில் ஏறியபின்னும் அவள் வாய் ஓயவில்லை. கோழிக்கூட்டைப் பூட்டு, ஸ்ரனிஸ்லாசின் பாணை இனித் தொடாதே, ஈரத் தலையோடு படுக்காதே. வள்ளம் தூரப் போகப் போகக் கை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. நான் கை ஆட்டவில்லை. எனக்கு அவ்வளவு கோபம்.

பிறகு ஒரு சேதியும் இல்லை. கப்பல் போய்ச் சேர்ந்ததா, அவரைக் கண்டாளா, கடலோடு போனாளா, ஒன்றும் தெரியாது. ஐப்பசி மாதத்தில் நாகமுத்து எங்கள் வீட்டைத் தேடி வந்தார். மாற்றி எடுத்த சனத்தோடு ஒரு கப்பல் வருகிறதாம், கொழும்பிலும் சிலர் இறங்குவார்களாம். அவருக்குத் தம்பி. எனக்கு என்ன? எனக்கு அக்காவுக்குப் பதிலாக என்ன சாமான் கொடுத்தார்கள் என்று பார்க்கவேண்டும்.

ஜெட்டியில் ஏழு பேர் இறங்கினார்கள். ஏழும் வெள்ளை. தம்பி இல்லை. நாகமுத்து அந்த ஏழு பேரையும் திரும்பத் திரும்ப எண்ணினார். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஏழாவது ஆளாக ஒரு கிழவர், நெட்டையாக, எலும்பும் தோலுமாக, தலையணை உறைக்குள் தன் உடைமையைக் கட்டித் தூக்கிக்கொண்டு இறங்கி ஒரு பெட்டிமேல் உட்கார்ந்தார். உட்கார்ந்த கையோடு, தொப்பியைக் காணவில்லை என்று இங்கிலீசில் முணுமுணுத்தார். எனக்குத் தலைக்கேறிவிட்டது.

"பாருங்கோ நாகமுத்தண்ணை," என்றேன், அவருக்கு முன்னாலேயே நின்று. "இந்தக் கிழட்டுக் கொக்குக்காகவா என்ர அக்காவைக் குடுத்தம்? இது நாளைக்குச் செத்துப்போகும். அதுக்கு முதல் தொப்பி வேணுமாம் தொப்பி!"

கொக்கு தலையை நிமிர்த்தியது.

"நாளைக்குச் சாக மாட்டேன் தங்கச்சி," என்றது, தமிழில். "ரொம்பக் கோவப்படாதே."

மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் இருபது வருஷம் துரையாக இருந்தவராம். சயாமில் யப்பான்காரரிடம் அகப்பட்டுக்கொண்டாராம். தோட்டத்து ஆட்களிடம் படித்த தமிழ். எனக்கு வெட்கத்தில் ஜெட்டி பிளந்து கடலுக்குள் இறங்கினால் நல்லது என்றிருந்தது. ஆனாலும் வாயை மூடவில்லை. அக்காவின் உயரம், நிறம், மிளகாய்த்தூள், எல்லாம் சொன்னேன். கண்டீர்களா என்று கேட்டேன்.

அவர் என்னையே பார்த்தார்.

"அந்த ஆபிரிக்கத் துறைமுகத்துலே ரெண்டு வரிசை," என்றார். "நாங்க இப்படி வாறோம், அவங்க அப்படிப் போறாங்க. நடுவுலே ரயில் பெட்டி. நான் நடக்க முடியலே. கீழே உக்காந்துட்டேன். போதும், இங்கேயே சாகுறேன்னு நினைச்சேன். அந்த வரிசையிலேருந்து ஒரு பொம்பளே வந்தா. நல்ல உசரம். என் கையைப் பிடிச்சுத் தூக்கினா. ஏசினா பாரு ஏச்சு! அவ தமிழ் உங்க தமிழ்தான். 'எழும்பும் ஐசே! உமக்குப் பதிலாத்தான் நான் போறன். நீர் இதிலயே கிடந்து செத்தா நான் போய் என்ன பெறுமதி?' அப்படின்னா. ஒரு சின்ன யப்பான்காரன் ஓடியாந்து இந்தக் கையைப் பிடிச்சான். ரெண்டு பேரும் என்னைத் தூக்கிக் கப்பல் ஏணிலே வச்சாங்க. எண்ணிக்கிட்டிருந்த ஆபீசருக்குக் கணக்குத் தப்பிப்போச்சு. அவன் கத்துறான். அவ அவனையும் ஏசினா."

நாகமுத்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தச் சின்ன யப்பான்காரர் அவளோடு இருந்திருக்கிறார். அது போதும். ஆனால் இன்னும் ஒன்று கேட்காமல் என்னால் வீட்டுக்குப் போக முடியாது.

"துரை, அவள் பயந்துபோய் இருந்தாளா?"

"அவளா?" என்றார் கிழவர். "அங்கே நாங்க ஆயிரம் பேருக்கு மேலே. பயந்தது நாங்கதான்."

நான் அவருக்குப் பக்கத்தில் அந்தப் பெட்டிமேலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அவர் தன் தலையணை உறையிலிருந்து ஒரு பழைய துணியை எடுத்துத் தந்தார். நாற்றம் தாங்கவில்லை, ஆனாலும் துடைத்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பப்பா வாசலிலேயே நின்றார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு சொல்லும் விடாமல் கேட்டுவிட்டு, வந்த மனுசன் எப்படிப்பட்ட ஆள் என்று கேட்டார்.

"நல்ல மனுசன், பப்பா," என்றேன். "ஆனாலும் எங்களுக்குத்தான் நட்டம்."